மாஸ்டர் கையெழுத்து

17 பிப்ரவரி 2018, சனி. தூத்துக்குடி

இருபது வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து என்னிடம் கேட்டாள்: "சார், நிலக்கரிய இறக்கிட்டு அந்தக் கப்பல் காலியாவா திரும்பிப் போகும்?" நான், "ஆமாம், காலியாகத்தான் போகும். உட்கார்" என்றேன். சட்டென்று பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு அடுத்த பாடத்துக்குப் போனேன். அந்த மாணவி என் மகள் அமலி. பள்ளிக்குள் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவாள். வாசலைத் தாண்டினால் அப்பா.

இன்று மதியம் அதே அமலி, ஆரஞ்சு நிற உடுப்பும் தலைக்கவசமுமாக வந்து, என் கையைப் பிடித்து எம்.வி. நீலாம்பரியின் ஏணியில் ஏற்றினாள். இந்தக் கப்பல் இங்கே நிலக்கரியை இறக்கிவிட்டு, கோதுமை ஏற்ற ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்துக்குப் போகிறது. அமலி இதில் சீஃப் ஆபீசர், அதாவது கேப்டனுக்கு அடுத்த இடம். அந்தப் பொறுப்பில் அவளுக்கு இது முதல் பயணம். முடிவில் கேப்டன் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் கம்பெனி அவளைப் பதவியில் உறுதிசெய்யும். இதை அவள் ஏணியில் ஏறும்போது சொன்னாள், ஏதோ படி வழுக்கும் என்று எச்சரிப்பதுபோல.

அதிகாரிகள் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போக இந்தக் கம்பெனி அனுமதிக்கிறது. ராணி, உன் முழங்கால் இந்த ஏணிக்கு ஆகாது என்பதால் நான் வந்தேன். தினமும் நடந்ததை எழுதிவந்து வாசிக்கத் தர வேண்டும் என்று நீ சொன்னதால் இந்த நோட்டு. பெட்டியிலிருந்து நீ எடுத்து வெளியே வைத்த சிவப்புப் பேனாவை நான் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன். பழகிய பேனா. கோபித்துக்கொள்ளாதே.

ஆட்கள் பட்டியலில் என் பெயருக்கு எதிரே "கூடுதல் ஆள்" என்று போட்டிருக்கிறது. படகு எண், உயிர்காக்கும் சட்டை எண் எல்லாம் உண்டு. வேலை என்ற கட்டத்தில் ஒரு கோடு.

18 பிப்ரவரி, ஞாயிறு

கரை தெரியவில்லை. பூசை இல்லாத ஞாயிறு. அறையில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன்.

தேநீர் நேரத்தில் அமலி பத்து நிமிடம் உட்கார்ந்தாள். பழைய கேள்வியை ஞாபகப்படுத்தி, சரியான பதிலை அவளிடமே கேட்டேன்.

"காலியா போனா கப்பல் தக்கை மாதிரி ஆடும்பா. புரொப்பல்லர் பாதி, தண்ணிக்கு மேலயே சுத்தும். அதனால சரக்கை இறக்க இறக்க, அடியிலயும் ஓரத்துலயும் இருக்கிற தொட்டிகள்ல கடல் தண்ணிய ஏத்துவோம். பேலஸ்ட்னு சொல்வோம். அங்க போயி கோதுமை ஏத்த ஏத்த, அத வெளிய விடுவோம்."

நான் உடனே ஒரு உதாரணம் கண்டுபிடித்தேன். காலிப் பிளாஸ்டிக் குடத்தைக் கிணற்றில் விட்டால் சாய்ந்து உருளும். கால்வாசி தண்ணீர் ஏறினால் நிமிர்ந்து நிற்கும். "அதேதாம்பா," என்றாள்.

"அப்போ நம்ம தூத்துக்குடித் தண்ணி ஆஸ்திரேலியாவுல போய் இறங்குதா?"

"இறங்கக் கூடாதுங்கிறதுக்குத்தான் நான் சம்பளம் வாங்குதேன். தண்ணி பிரச்சினையில்ல. அதுக்குள்ள இருக்கிறதுதான். சிப்பிக் குஞ்சு, நண்டுக் குஞ்சு, பாசி, கிருமி. அமெரிக்கக் கரையிலேருந்து ஜெல்லி மாதிரி ஒண்ணு இப்படித்தான் கருங்கடலுக்குப் போச்சு. மீன் முட்டையையும் தின்னு, மீன் திங்க வேண்டிய இரையையும் தின்னு, அங்க உள்ளவங்களுக்கு நெத்திலியே இல்லாம ஆக்கிட்டு."

நெத்திலி என்றதும் எனக்கு விஷயம் பிடிபட்டது. நம் ஊர்க் கரையில் ஒரு வருடம் நெத்திலி வராமல் போனால் எத்தனை வீட்டில் உலை வைக்க யோசிப்பார்கள் என்று உனக்கும் எனக்கும் தெரியும். சீமைக்கருவேலத்தைக்கூட யாரும் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லையே.

அதனால் நடுக்கடலில் துறைமுகத் தண்ணீரை வெளியேற்றி, அங்குள்ள தண்ணீரை மாற்றிக்கொள்கிறார்கள். கரையில் வாழ்கிற உயிர் நடுக்கடலில் பிழைக்காது. நடுக்கடல் உயிர் கரைக்குப் போனாலும் பிழைக்காது. மாற்றுவதற்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு தண்ணீரைக் கீழிருந்து செலுத்தி, மேலே வழியவிட வேண்டும். கரையிலிருந்து இருநூறு கடல் மைலுக்கு அப்பால்தான் செய்யலாம். இருநூறு மீட்டர் ஆழமும் இருக்க வேண்டும்.

"ஏன் மூணு?" என்று கேட்டேன். பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது. "அரிசிய ஒரு தண்ணியில கழுவி உலையில போடுவீகளா மாஸ்டர்? மூணு தண்ணி வேணும்ல."

சொன்னவர் காசிநாதன். சாப்பாடு பரிமாறி அறைகளைச் சுத்தம் செய்கிறவர். முப்பத்தெட்டு வயது, விருதுநகர்க்காரர். பன்னிரண்டு வருடம் ஓட்டலில் புரோட்டா மாஸ்டராக இருந்துவிட்டு, இப்போதுதான் முதல்முறையாகக் கப்பலேறியிருக்கிறார். நான் ஆசிரியர் என்று கேட்டதிலிருந்து எனக்கும் மாஸ்டர் பட்டம் கொடுத்துவிட்டார். தையல் மாஸ்டர், டீ மாஸ்டர், புரோட்டா மாஸ்டர் வரிசையில் கடைசியாக நான். மற்ற பணியாளர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

19 பிப்ரவரி, திங்கள்

வாந்தி. எழுத முடியவில்லை.

20 பிப்ரவரி, செவ்வாய்

தேறிவிட்டேன். காசிநாதன் கொடுத்த உப்பு பிஸ்கட்டும் இஞ்சியும்தான் காரணம். பதிலுக்கு இரண்டு கிலோ வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

அமலி காலை நான்கு மணிக்கு எழுகிறாள். எட்டு மணி வரை மேலே, கப்பலை ஓட்டும் தளத்தில் காவல். பிறகு தொட்டிகள், பம்புகள், ஏணிகள், பெயின்ட், சண்டைகள். மாலை நான்கிலிருந்து எட்டு வரை மறுபடி காவல். சாப்பிடும்போது கண் சொருகுகிறது. அவள் சட்டைகள் இரண்டில் பொத்தான் இல்லை. தைத்துவிட்டேன். "யாரு தச்சா?" என்று கேட்டாள். "கூடுதல் ஆள்" என்றேன். சிரித்தாள்.

அவளுக்குப் பதினேழு வயதில், கப்பல் கல்லூரி விடுதியிலிருந்து எழுதிய கடிதங்கள் ஞாபகம் வந்தன. ஒரு பக்கத்துக்குக் குறைந்தது எட்டு ஒற்றுப்பிழை இருக்கும். நான் பொறுமையாகச் சுழித்துத் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்புவேன். அப்படி மூன்று கடிதம். பிறகு அவளுக்கு நேரம் இல்லாமல் போயிருக்க வேண்டும், எழுதுவதை நிறுத்திவிட்டாள். செல்போனும் வந்துவிட்டது.

22 பிப்ரவரி, வியாழன்

கேப்டன் மாத்தன் இரவுச் சாப்பாட்டுக்கு என் எதிரே உட்கார்ந்தார். கோட்டயத்துக்காரர்; மதுரையில் படித்ததால் தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. என்னை மாஷே, அதாவது வாத்தியாரே, என்கிறார். "உங்க மோள் கொஞ்சம் அதிகமா உழைக்குது மாஷே. உறங்கச் சொல்லுங்க," என்றார். நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

23 பிப்ரவரி, வெள்ளி

தவக்கால வெள்ளி என்பதால் காசிநாதன் எனக்கு மட்டும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். ஆனால் அது பசிக்கும் முன்பே வந்துவிட்டது. கிழக்கே போகப் போக நேரத்தை மாற்ற வேண்டுமாம். இன்று நண்பகல் பன்னிரண்டு அடித்ததும் கேப்டன் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணிக்கு நகர்த்திவிட்டார். ஒரு மணிச் சாப்பாடு பன்னிரண்டுக்கே வந்ததாகத்தான் என் வயிறு சொன்னது. ஒரு மணி நேரம் இந்த உலகத்தில் காணாமலே போயிற்று.

இன்று பார்த்ததை மறக்க மாட்டேன். காலை பத்து மணிக்கு வலப்பக்க நான்காம் தொட்டியில் தண்ணீர் மாற்ற ஆரம்பித்தார்கள். தளத்தில் உள்ள குழாய்வாய்களிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி, கரும்பச்சையாகத் தளத்தில் ஓடிக் கடலில் விழுந்தது. நம் துறைமுகத்து நாற்றமேதான், ராணி. நடு இந்துமாக்கடலில் அந்த நாற்றத்தை முகர்ந்ததும் ஊரில் நிற்பதுபோல் இருந்தது. அமலி ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தாள். சன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அரைப்புள்ளிகள்போல நாலைந்து உயிர்கள், கண்ணாடியால் செய்ததுபோல, துள்ளித் துள்ளி நீந்தின. ஒன்றுக்குக் கறுப்பாக ஒரு கண். இவ்வளவு சின்ன உயிருக்கு இவ்வளவு சுறுசுறுப்பு எதற்கு என்று தோன்றியது. எங்கேயோ போய்ச் சேர்ந்து பெரியதாகிவிட வேண்டும் என்ற அவசரம், பள்ளி விட்ட பிள்ளைகள்போல.

பம்பை நிறுத்தும்போது சுவரில் நான்கு மணி.

25 பிப்ரவரி, ஞாயிறு

பறக்கும் மீன்கள். நாற்பத்தேழு வரை எண்ணினேன்.

26 பிப்ரவரி, திங்கள்

அலை பெரிது. தட்டு நகராமல் இருக்க மேசை விரிப்பை நனைத்துப் போடுகிறார்கள். அமலி கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்தே தூங்கினாள். நாளை இரவு துறைமுகத்தை அடைந்துவிடுவோம். நாளை மறுநாள் காலை கரையோரம் கட்டுவதற்கு எங்கள் முறை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அறிக்கை நன்றாக வரும் என்று அவள் நம்புகிறாள். வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் கேப்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது கணக்குப் போடாமலே சொன்னாள்.

27 பிப்ரவரி, செவ்வாய்

இன்று நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு காசிநாதன் அகலமான ஒரு பதிவேட்டோடு வந்தார். "அமலி மேடம் மாஸ்டர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாக," என்று ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். பேலஸ்ட் தண்ணீர் எந்தத் தொட்டியில், எப்போது, எங்கே, எவ்வளவு மாற்றினார்கள் என்ற விவரம், ஆங்கிலத்தில், அமலியின் அழகான கையெழுத்தில். பக்கத்தின் அடியில் மாஸ்டர் கையெழுத்து என்று அச்சிட்டு ஒரு கோடு. காசிநாதன் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மகள் தன் வேலையைச் சரிபார்த்துத் தரச் சொல்லி என்னிடம் அனுப்பியிருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

சரிபார்த்தேன். மற்ற தொட்டிகள் சரி. வலப்பக்க நான்காம் தொட்டி: கொள்ளளவு 1,200 டன். பம்பின் வேகம் மணிக்கு 600 டன். 23-ஆம் தேதி பத்து மணி முதல் பதினாறு மணி வரை, ஆறு மணி நேரம், 3,600 டன். மூன்று மடங்கு. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் 23 என்பது அந்தக் கத்தரிக்காய் வெள்ளி. இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நண்பகலில் ஒரு மணி நேரம் காணாமல் போன நாள். பம்பு ஓடியது ஐந்து மணி நேரம்தான்.

பேனாவை எடுத்தேன். 3,600-ஐச் சுழித்தேன். பக்கத்தில் தமிழில் எழுதினேன்: "அன்று நண்பகல் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்தது. ஓடியது ஐந்து மணி நேரமே. 3,600 அல்ல, 3,000. கவனம் தேவை." அடியில் மச்சாது என்று என் பெயரைக் கையெழுத்திட்டுத் தேதி போட்டேன். காசிநாதன் ஊதி மையைக் காயவைத்து எடுத்துப் போனார்.

ஐந்து நிமிடத்தில் அமலி வந்து கதவருகே நின்றாள். பதிவேட்டை மார்போடு அணைத்திருந்தாள், அந்தக் காலத்தில் பரீட்சைத் தாளை வைத்திருப்பதுபோல.

"யப்பா, இதுல நீங்களா எழுதுனீய?"

"ஆமாட்டி. நீதானே அனுப்பின."

"நான் மாஸ்டருக்கு அனுப்புனேன்."

"அதான், காசிநாதன் நேரா எங்கிட்டக் கொண்டுவந்தாரு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். கப்பல் காகிதங்களில் மாஸ்டர் என்றால் கேப்டனாம். பேச்சில் எல்லாரும் கேப்டன் என்கிறார்கள். காகிதத்தில் மட்டும் மாஸ்டர். காசிநாதனுக்கு இந்தக் கப்பலில் தெரிந்த ஒரே மாஸ்டர் நான்தான்.

"இது நோட்டு இல்லப்பா. சட்டப்படி வைக்கிற பதிவேடு. ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் இருக்கு, கிழிக்க முடியாது, அழிக்க முடியாது. துறைமுகத்துல அதிகாரி வந்து முதல்ல கேக்குறதே இதத்தான். கேப்டன் கையெழுத்துப் போடுற இடத்துல, யாருன்னே தெரியாத ஆளு சிவப்பு மையில..." அங்கேயே நிறுத்தினாள். பிறகு வேறு குரலில், "காலேஜ்லேருந்து மூணு கடிதம் போட்டேன். மூணையும் இப்படித்தான் திருப்பி அனுப்புனீய. நாலாவதும் எழுதுனேன். போடல," என்றாள்.

முப்பத்து மூன்று வருடம் ஆயிரக்கணக்கான நோட்டுகளைத் திருத்தியவன், ஒரு கடிதத்தைக்கூடப் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

அவள் பதிவேட்டைத் திறந்து நான் எழுதியதை அப்போதுதான் நிதானமாக வாசித்தாள். உதடு அசைந்தது. விரல் விட்டு எண்ணினாள். "நிறுத்த வேண்டிய நேரத்த முந்தின நாளே எழுதிக் குடுத்தேன்," என்று தனக்குத்தானே சொன்னாள். "கடிகாரத்த மறந்துட்டேன்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு முழுவதும் புரிந்தது. அழிக்க முடியாத மை ஒரு பிரச்சினை என்றால், அந்த மை சொன்ன விஷயம் அதைவிடப் பெரிய பிரச்சினை. நான்காம் தொட்டியில் நம் துறைமுகத்து அரைப்புள்ளிகள், அனுமதித்ததைவிட அதிகமாக, இன்னும் நீந்திக்கொண்டிருக்கின்றன.

"கேப்டன்கிட்டப் போகணும். நீங்களும் வாங்க," என்றாள்.

கேப்டன் மாத்தன் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எந்தா மாஷே இது? என்னா எழுதியிருக்கு?"

ராணி, அந்த ஒரு கணத்தைச் சொல்ல வேண்டும். அந்த அறையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவள் என்ன சொன்னாலும் அதுதான் அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது. "அப்பா வாழ்த்து எழுதியிருக்காங்க சார்" என்று சொல்லியிருந்தால், அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு கோடு போட்டு, தவறாக எழுதப்பட்டது என்று கையெழுத்திட்டிருப்பார். நாளைக் காலை முறைப்படி கரையோரம் கட்டியிருப்போம். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

அமலி ஒரு வார்த்தை விடாமல் வாசித்துச் சொன்னாள். "கவனம் தேவை" என்பதையும் சேர்த்து.

கேப்டன் அமலி பக்கம் திரும்பினார். "நம்ம எங்க இருக்கோம்?"

"இருநூறு மைல் கோட்ட முப்பது மைல் தாண்டி உள்ள வந்துட்டோம் சார். திரும்பிப் போயி, தொட்டிய முழுசா மாத்தி, மறுபடி வரணும். பதினோரு மணி நேரம் ஆகும்."

"முறை போகும். அடுத்த கப்பல் கட்டிக்கும். நாலு நாள் வெளிய கிடக்கணும். கம்பெனி எங்கிட்டக் கேக்கும், நான் உன் பேரை எழுதணும்." பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். "அந்த ஊர்ல ஒருத்தனுக்கும் இது வாசிக்கத் தெரியாது, அமலி."

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் என்னைப் பார்த்தார், ஏதோ நான் சொல்லிக் கொடுத்ததுபோல. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, ராணி. நான் சொல்லிக் கொடுத்தது ஒற்று மிகும் இடங்கள் மட்டும்தான்.

"கடிகாரத்த மாத்தினது நான்," என்றார் கேப்டன் கடைசியில். "அப்போ நான் உன்கிட்ட பம்பு ஓடுதான்னு கேட்டிருக்கணும். அதையும் எழுது." தொலைபேசியை எடுத்து, கப்பலைத் திருப்பும்படி மேலே ஓட்டும் தளத்துக்குச் சொன்னார். சற்று நேரத்தில் சன்னலில் இருந்த வெயில் மெல்ல நகர்ந்து எதிர்ச் சுவருக்குப் போயிற்று. கப்பல் திரும்பியது.

28 பிப்ரவரி, புதன்

நேற்றுப் பிற்பகல் நான்காம் தொட்டிக்கு முழுதாக ஆறு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினார்கள். அமலி தன் கைக்கடிகாரத்தை மாற்றாமலே வைத்துக்கொண்டாள். இன்று துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம். எங்கள் இடத்தில் வேறொரு கப்பல் கட்டியிருப்பது தெரிகிறது.

காசிநாதன் கண்கலங்கிவிட்டார். "என்னால தான மாஸ்டர்," என்று சொல்லி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "இனிமே உங்கள எப்படிக் கூப்பிடுறது?" சார் என்று கூப்பிடச் சொன்னேன். அது கப்பலில் எல்லாருக்கும் பொது என்றார். அண்ணாச்சி என்று முடிவாயிற்று.

2 மார்ச், வெள்ளி

நங்கூரம். சட்டைகள் இஸ்திரி போட்டேன். அமலி இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறாள். நேற்று எட்டு மணி நேரம். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரையும் தட்டவிடவில்லை. கூடுதல் ஆளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கடிதங்களுக்காகவும் பதிவேட்டுக்காகவும். "கடிதத்துக்கு வேணும்னா கேளுங்க," என்றாள். "பதிவேட்டுக்கு வேண்டாம்."

4 மார்ச், ஞாயிறு

கரையோரம் கட்டினோம். பரிசோதனை அதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, வெயிலில் சிவந்த முகம், சிரிப்பே கிடையாது. பதிவேட்டை விரித்தார். என் பக்கம் வந்ததும் நிறுத்தினார். என்னை அழைத்துவரச் சொன்னார்கள். நீ அயர்ன் பண்ணிக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

"நீங்கள் மாஸ்டரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை அம்மா. பள்ளி ஆசிரியர். ஓய்வுபெற்றவன்."

"சிவப்பு மையில் எழுத எந்த விதி உங்களை அனுமதிக்கிறது?"

"ஒரு விதியும் இல்லை," என்றேன்.

அமலி நடந்ததை எல்லாம் சொன்னாள். மாஸ்டர் என்ற சொல்லுக்கு நம் ஊரில் உள்ள அர்த்தங்களைக்கூட. அந்த அம்மாள் நான் எழுதியதை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அடுத்த பக்கத்தில் இருந்த 27-ஆம் தேதிப் பதிவை வாசித்தார். பிறகு எழுந்துபோய் நான்காம் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து, ஒரு கருவியை விட்டுப் பார்த்தார். உப்பின் அளவு நடுக்கடல் அளவு. குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அரைப்புள்ளி ஒன்றும் கண்ணில் படவில்லை.

தண்ணீரை விட அனுமதித்தார். ஆனால் வெளியாள் பதிவேட்டில் எழுதியது குறை என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். நியாயம். நானாக இருந்தாலும் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

மாலை கோதுமை பொழியப் பொழிய, பக்கவாட்டிலிருந்து தண்ணீர் வெளியே கொட்டியது. தெளிந்த நீலம். கடற்பறவைகள் அதைச் சட்டை செய்யவே இல்லை. அவற்றுக்கு அதில் ஒன்றும் இல்லை. அமலி கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிள்ளை பால் குடித்து முடிப்பதைப் பார்க்கும் தாய்போல.

5 மார்ச், திங்கள்

கம்பெனியின் பதில் வந்தது. நான்கு நாள் தாமதம், ஒரு குறை. கேப்டன் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார். தவறைத் தானே முன்வந்து சொன்ன அதிகாரி என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். இருந்தும் உறுதிசெய்வதை ஆறு மாதம் தள்ளி வைத்துவிட்டார்கள். அமலி நின்றபடியே வாசித்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். "அம்மாகிட்டச் சொல்லணும்," என்றாள்.

கப்பல் தொலைபேசியில் உன்னைக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதில் குரல் வானத்துக்குப் போய்த் திரும்பி வருவதால், இங்கே பேசியது அங்கே கேட்க ஒன்றிரண்டு விநாடி ஆகிறது. இதுவரை நான் உன் பக்கம் இருந்தே இதைக் கேட்டிருக்கிறேன். இன்றுதான் முதல்முறை அவள் பக்கம்.

"அம்மா, கம்பெனியிலேருந்து ஒரு..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் உன் குரல் வந்துவிட்டது: "சாப்பிட்டியாட்டி? அப்பா மாத்திரை போடுதாங்களா?" அவள் அதற்குப் பதில் சொன்னாள். மூச்சு வாங்கி, "அம்மா, எனக்குப் பதவி வந்து..." என்றாள். அதன்மேல் உன் முழங்கால் வலி வந்து விழுந்தது. மூன்றாவது தடவை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "வேற என்னம்மா, ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்," என்று வைத்துவிட்டாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை, ராணி. அந்த "ஒண்ணுமில்ல, சும்மாதான்" எத்தனை வருடமாக நமக்கு வருகிறது. போனை வைத்ததும் நான் உன்னிடம் என்ன சொல்வேன்? "இவளுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இருக்காது." அவள் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் நாம் இருவரும் மாறி மாறிப் பேசியிருக்கிறோம். உன்னைவிட நான் அதிகம்.

அவள் ரிசீவரை வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆறுதலாகச் சொல்ல நான்கு வாக்கியமும் இரண்டு உதாரணமும் தயாராக இருந்தன. சொல்லவில்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்துக்கு வரும் முன் அவள் பேச ஆரம்பித்தாள். ஆறு மாதம் தள்ளிப்போனதில் வருத்தம் இருக்கிறது, அழுகைகூட வருகிறது என்றாள். நிறுத்தினாள். மறுபடி எண்ணினேன். முதல்முறை தனியாகக் காவல் நின்ற இரவில் எவ்வளவு பயந்தாள் என்று சொன்னாள். போடாமல் வைத்த அந்த நாலாவது கடிதத்தில் என்ன இருந்தது என்று சொன்னாள். காசிநாதன் இரண்டு தடவை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது ஆறிப்போகும் வரை பேசினாள். நான் சொன்னது மொத்தம் ஆறேழு வார்த்தை இருக்கும்.

6 மார்ச், செவ்வாய். விமான நிலையம்

அமலி ஏணி இறங்கிக் கூடவே வந்தாள். பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள். "யப்பா, அடுத்த தடவ அம்மா முழங்காலுக்கு வழி பண்ணிக் கூட்டிட்டு வாங்க," என்றாள். நான் எண்ணினேன். "ஊருக்குப் போயி எனக்கு ஒரு கடிதம் போடுங்க," என்றாள் அப்புறம்.

நாளை இந்த நோட்டை உன்னிடம் தந்துவிடுவேன். பதவி விஷயம் இதிலேயே இருக்கிறது. ஆனாலும் ஒன்றும் தெரியாதவள்போல அவள் வாயால் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை மாலை கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். போனை நீ எடு. அவள் பேசி நிறுத்தியதும், மனதுக்குள் நிதானமாக ஐந்து வரை எண்ணு. அதற்குப் பிறகு பேசு.